ஒன்றும் ஒன்றும் ஒன்று: எஸ்டோனியாவின் பாடகர்களைத் தேடி

புதன், தாலின்

ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம். மே மாதக் கடைசி என்று பெயர்தான்; மேல்தளத்தில் சற்று நின்றதுமே காது மரத்துப்போனது. உள்ளே வந்து காப்பியும் கறுப்பு ரொட்டியுமாக உட்கார்ந்துகொண்டேன். சுற்றிலும் பின்லாந்துக்காரர்கள். தாலினில் மது மலிவு என்பதால் வெறும் தள்ளுவண்டிகளோடு போகிறார்கள். நான் போவது பாட்டுக் கேட்க என்றதும் எதிரே இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எஸ்டோனியாவில் மொத்தம் சுமார் 13.7 லட்சம் பேர். மதுரையையும் அதன் புறநகரையும் சேர்த்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். இந்தச் சின்ன நாட்டில் கூடிப் பாடுவது அரசியல் வரலாற்றின் பகுதி. 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபடுவதற்கு முந்தைய ஆண்டுகளின் போராட்டத்துக்கே பாடும் புரட்சி என்றுதான் பெயர். ஆனால் நான் வந்தது அதற்காக மட்டும் இல்லை.

பாளையங்கோட்டையில் தேவாலயக் கொயரில், அதாவது பாடகர் குழுவில், சிறுவனாகச் சோப்ரானோ என்ற உச்சக் குரல் பாடத் தொடங்கியவன் நான். குரல் உடைந்ததும் டெனர் என்கிற, ஆண்களின் உயர்குரல் வரிசைக்குத் தள்ளினார்கள். இன்றுவரை அங்கேயே நிற்கிறேன். சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறையில் அச்சடித்த புத்தகம், ஞாயிறு காலை, நான்கு குரல். எங்களுக்குச் சொல்லித்தந்த ஆசிரியரின் முதல் விதி: “உன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டால் நீ தப்பாகப் பாடுகிறாய்.” இந்த விதியை நான் வெறுத்ததில்லை. ஆனால் தன் குரல் கேட்காமல் போவதற்காக ஒருவன் வருடக்கணக்காகப் பயிற்சி செய்வது விசித்திரம்தானே?

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல இசையமைப்பாளர்கள் இந்த விதியைக் கிண்டிப் பார்த்திருக்கிறார்கள். ருமேனியாவில் பிறந்த ஹங்கேரியரான லிகெட்டி 1966இல் 16 தனிக்குரல்களுக்கு ‘லுக்ஸ் ஏடெர்னா’ எழுதினார். பாடுகிற 16 பேருக்கும் தனித்தனி வரி, தனித்தனி நுழைவு. கேட்பவருக்கோ ஒரே மேகம். யாரும் யாரோடும் ஒத்துப் பாடாமலே ஒரே ஒலி கிடைக்கிறது. இந்த வகை இசையைக் கச்சேரி அரங்குக்கு வெளியே, வேலை முடிந்து பயிற்சிக்கு வருகிற சாதாரண மனிதர்களிடம் கேட்க வேண்டும் என்று ஆசை. தாலினில் ஒரு பொழுதுபோக்குக் குழுவில் பாடும் பேருந்து ஓட்டுநர் ஒருவர், இணையம் வழியாக அறிமுகமானவர், வரச்சொல்லியிருக்கிறார். அவரும் டெனர். டெனர்களுக்கு எந்த நாட்டிலும் தட்டுப்பாடு. அதனால் எளிதில் நண்பர்களாகிவிடுவோம்.

வியாழன், பாட்டு விழாத் திடல்

டிராமில் கத்ரியோர்க் வரை போய், அங்கிருந்து கடற்கரையோரமாக நடந்தால் திடல் வந்துவிடுகிறது. புல் சரிவு ஒன்று மெல்ல இறங்கிப்போய் மேடையில் முடிகிறது. மேடைக்கு மேலே பிரமாண்டமான வளைவு. அலார் கோட்லி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1960இல் கட்டியது. அதன் கீழே படிப்படியாக 15,000 பேர் நிற்கலாம். இங்கே பாடகர்கள் மண்டபத்துக்குள் நிற்கிறார்கள், கேட்பவர்கள் வானத்தின் கீழ் உட்கார்கிறார்கள்.

இன்று திடல் காலி. புல்வெட்டும் இயந்திரம் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சரிவின் மேற்பகுதியில் இசையமைப்பாளர் குஸ்தாவ் எர்னெசாக்ஸின் வெண்கலச் சிலை, காலை நீட்டி மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு சிறுவன் அதன் மடியில் ஏறி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

ஓட்டுநர் நண்பர் என்னை மேடையின் மேல்படிக்கு அழைத்துப்போய் நிறுத்தினார். தான் எதிர்க்கோடிக்குப் போய்க் கையை உயர்த்தித் தட்டினார். கை சேர்ந்தது தெரிந்தது. ஒலி சற்றுப் பின்னால் வந்தது. “புரிகிறதா?” என்று அங்கிருந்தே கத்தினார். அந்தக் கேள்வியும் தாமதமாகத்தான் வந்தது.

விஷயம் இதுதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 60 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் என் காதை அடைய நொடியில் ஆறில் ஒரு பங்கு ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு போகிற பாட்டில் இது ஒரு தட்டில் மூன்றில் ஒரு பங்கு. அக்கம்பக்கம் கேட்டு, அதற்கு ஒத்துப் பாடுவதுதான் கொயரில் நாங்கள் கற்ற முதல் பாடம். அதை இங்கே செய்தால் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசைக்குப் பின்தங்கும். பாட்டு இழுத்துக்கொண்டே போய்ச் சேற்றில் சிக்கிய மாட்டுவண்டியாகிவிடும். அதனால் இந்தத் திடலில் காதை நம்பக் கூடாது. தூரத்து மேடையில் கையசைத்துப் பாட்டை நடத்துகிற நடத்துநரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். வலப்பக்கத்துப் பேஸ், அதாவது ஆண்களின் தாழ்குரல், தாளம் தப்புவதுபோலக் கேட்கும். தப்பவில்லை என்று நம்பி, தன் வரியைத் தன் கண்ணைக்கொண்டு பாட வேண்டும்.

“அப்படியென்றால் 15,000 பேர் நடுவில் தனியாகப் பாடுகிறீர்கள்” என்றேன்.

“முதல் முறை எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் நாட்டுப்பற்று என்று நினைத்தார்கள். உண்மையில் என்னைச் சுற்றி எதுவுமே பொருந்தவில்லை என்ற பயம்” என்று சிரித்தார்.

விழா பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியாக 2025 ஜூலையில், வட்டார வழக்குகளை மையமாக வைத்து நடந்தது. 2019இல், விழாவின் 150ஆம் ஆண்டில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் வந்தன. வருகிறோம் என்று பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரே பாடல் தொகுப்பை நாடு முழுவதும் அவரவர் ஊரில் மாதக்கணக்கில் பயின்று, தேர்வாளர்கள் முன்னால் பாடிக்காட்ட வேண்டும். தேறாத குழு வீட்டில் இருக்க வேண்டியதுதான். எல்லாரும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது விழாவை ஒட்டிய சில நாள்களில் மட்டும்.

பாடும் புரட்சியின்போது, 1988 செப்டம்பர் 11 அன்று, இந்தச் சரிவில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கூடினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அன்றைய மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் படங்களைப் பார்த்து உடல் சிலிர்க்காதவர் இருக்க முடியாது. ஆனாலும் ஒன்று சொல்வேன்: மூன்று லட்சம் பேர் ஒரே மெட்டைப் பாடுவது வரலாறு, பதினைந்தாயிரம் பேர் நான்கு வெவ்வேறு வரிகளைப் பாடி நான்கும் சேர்வது இசை. இரண்டாவது அரிது. கூட்டம் ஒரே குரலில் நல்லதற்கும் பாடும், கெட்டதற்கும் பாடும். பக்கத்தில் இருப்பவன் வேறு வரி பாடும்போது தன் வரியை விடாமல் பிடித்துக்கொள்ளக் கற்பது வேறு பழக்கம்.

எர்னெசாக்ஸின் கதையும் நேர்க்கோடு கிடையாது. கவிஞர் லிதியா கோய்துலாவின் நாட்டுப்பற்றுப் பாடலுக்கு அவர் அமைத்த மெட்டு 1947 விழாவில் பாடப்பட்டது; பிறகு சோவியத் ஆட்சியில் அதற்கு இடமில்லாமல் போனது; 1960இல் இதே மேடையில் மக்கள் தாங்களாகவே அதைப் பாடினார்கள். நாட்டின் எழுதப்படாத கீதமாக அது நிலைத்துவிட்டது. சோவியத் எஸ்டோனியாவின் அதிகாரபூர்வ கீதத்துக்கு மெட்டமைத்தவரும் அதே எர்னெசாக்ஸ்தான். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதை இங்கே யாரும் மறைப்பதில்லை. பிழைத்திருக்க வேண்டியிருந்தது என்கிறார்கள். மடியில் இருந்த சிறுவன் பிஸ்கட்டை முடித்துவிட்டு இறங்கிப் போனான்.

வெள்ளி, லவுலஸ்மா

தாலினுக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர், பைன் மரக்காடு. காட்டுக்குள் கண்ணாடிச் சுவர்களும் உலோகத் தூண்களுமாக, எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் பெயரில் ஒரு மையம். 2018இல் திறந்தது. தூண்கள் மரங்களைப்போலவே ஒழுங்கற்ற இடைவெளிகளில் நிற்பதால், கட்டடம் எங்கே முடிகிறது காடு எங்கே தொடங்குகிறது என்பது சட்டென்று பிடிபடவில்லை. நடுவில் ஏறிப்பார்க்க ஒரு கோபுரம். மேலே போனால் மரத் தலைகளுக்கு அப்பால் கடல்.

பேர்ட் 1935இல் பிறந்தவர். இளமையில் அன்றைய நவீன முறைகளையெல்லாம் எழுதிப் பார்த்து, 1968இல் ‘கிரேதோ’ என்ற கிறித்தவ விசுவாசப் படைப்பால் சோவியத் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகி, பிறகு பல ஆண்டுகள் பெரும்பாலும் மௌனமாக இருந்தார். 1976இல் பியானோவுக்கான ஒரு சின்ன இசைத் துண்டோடு மௌனத்தை முடித்தார். அதிலிருந்து பிறந்த முறைக்கு டின்டினாபுலி என்று பெயர்.

முறை எளிது. இரண்டு குரல். ஒன்று மெட்டுக் குரல்: சுரவரிசையில் படிப்படியாக ஏறும், இறங்கும். மற்றது மணிக் குரல்: அடிப்படை ஒத்திசையின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின், மூன்று சுரங்களை மட்டுமே தொடலாம். மெட்டுக் குரலின் ஒவ்வொரு சுரத்துக்கும் மணிக் குரலில் ஒரு சுரம், முன்கூட்டியே வகுத்த விதிப்படி. நம் ஊர்க் காதுக்கு இது தம்புரா என்று தோன்றும். தம்புரா பாடகரைக் கவனிப்பதில்லை. தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். மணிக் குரலோ மெட்டு நகர நகரத் தானும் இடம் மாறுகிறது; சில இடங்களில் இனிமையாகச் சேர்கிறது, சில இடங்களில் அரை சுர தூரத்தில் உரசுகிறது. உரசலும் விதியில் அடங்கியதுதான். பேர்ட்டின் மனைவி நோரா இதைக் கணக்காகச் சொன்னார்: ஒன்றும் ஒன்றும் ஒன்று.

மையத்தில் நோட்டுப் புத்தகங்களின் சில பக்கங்களைப் பார்க்கலாம். திருத்தித் திருத்தி எழுதிய ஒற்றை வரி மெட்டுகள். பக்கம் பக்கமாக ஒரு குரலை மட்டும் எழுதிப் பழகியிருக்கிறார், இரண்டாவது குரலை அழைக்கும் துணிவு வரும்வரை.

மணிக் குரல் கிடைத்த பாடகரின் நிலைமையை யாரும் எழுதுவதில்லை. மூன்றே சுரம்; ஆனால் அவற்றுக்கிடையே தாவல். பக்கத்தில் மெட்டுக் குரல்காரர் சொகுசாக அடுத்த படிக்கு அடியெடுத்து வைக்க, இவர் மாடிக்கும் திண்ணைக்கும் குதித்துக்கொண்டிருக்க வேண்டும். அதிலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் இறங்க வேண்டும். பிசகினால் ஒளிந்துகொள்ளக் கனத்த இசை எதுவும் சுற்றிலும் இல்லை. தனியாகப் பாடிப் பார்த்தால் மணிக் குரல் மனநோயாளியின் முணுமுணுப்புபோல இருக்கும். மெட்டுக் குரலும் அப்படித்தான். தனியாகக் கேட்டால் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பாடம். இரண்டும் சேர்ந்த பிறகு எந்தக் குரல் எது என்று பிரிக்க எனக்கு மூன்றாம் முறைதான் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கடற்கரை வரை போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை, காற்று மட்டும் ஏராளம்.

சனி, தாலின்

இன்றுதான் நான் எதிர்பார்த்திருந்த நாள். ஒரு பள்ளிக்கூட அரங்கில் நாள் முழுக்க ஒத்திகை. முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். கணக்காளர், பல் மருத்துவ உதவியாளர், ஓய்வுபெற்ற தச்சர், கல்லூரி மாணவர்கள், நம் ஓட்டுநர். ஜன்னலோரத்தில் காப்பிக் குடுவைகள், ஒரு தட்டு நிறைய நெத்திலி போன்ற மீன் வைத்த ரொட்டித் துண்டுகள். நடத்துநர் நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. கழுத்தில் கண்ணாடி, காலில் வீட்டுச் செருப்பு.

முதல் அரை மணி பாட்டே இல்லை. பேஸ் வரிசையில் மூன்று பேரை முன்னால் அழைத்தார். ஒரே வரியை ஒவ்வொருவராகப் பாடச்சொன்னார். பிறகு மூவரையும் ஒரு வரிசையில் நிறுத்திப் பாடவைத்தார். பிறகு இடப்பக்கம் இருந்தவரை நடுவிலும் நடுவில் இருந்தவரை வலத்திலும் மாற்றி, அதே வரி. நான் கண்ணை மூடிக் கேட்டேன். ஆள் அதே, சுரம் அதே, சத்தம் அதே, ஒலி மாறிவிட்டது. முதல் அடுக்கில் தச்சரின் கரகரப்பு துருத்திக்கொண்டு நின்றது. இரண்டாம் அடுக்கில் அந்தக் கரகரப்பு மற்ற இருவருக்கும் ஓர் ஓரம் கட்டியதுபோல ஆகிவிட்டது. யாரையும் குரலைக் குறைக்கச் சொல்லவில்லை. தச்சர் தன் இடத்தைக் குறித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

இசைக் கல்லூரியில் தனிப்பாட்டு பயில்கிற இளம்பெண் ஒருவர் இருந்தார். கம்பி அதிர்வதுபோலக் கனத்த அசைவுள்ள குரல். ஆறு பேர் பாடினாலும் அவர் குரல் மட்டும் கேட்கும். எங்கள் ஊர் ஆசிரியராக இருந்தால் “அடக்கு” என்றிருப்பார். இந்த நடத்துநர் அம்மா அவரை இரண்டு மூத்த ஆல்டோக்களுக்கு, அதாவது பெண்களின் தாழ்குரல்காரர்களுக்கு, நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் அசைவு தானாகவே மெலிந்தது. இரு பக்கமும் நேரான ஒலி வரும்போது குரல் அதைத் தேடிப்போகிறது போலும்.

அதற்குப் பிறகு நார்வேயின் இசையமைப்பாளர் க்னுட் நீஸ்டெட் 1988இல் அமைத்த ‘இம்மார்ட்டல் பாக்’. கூட்டுப் பாடல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இனி இதைத்தான் போட்டுக்காட்டுவேன். சரக்கு நீஸ்டெட்டுடையது கிடையாது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின், மரணத்தை இனிமையாக அழைக்கிற ஒரு சின்னப் பக்திப் பாடலின் தொடக்க வரிகள், அவ்வளவே. முதலில் எல்லாரும் சேர்ந்து அதை அப்படியே, நான்கு குரலில் பாடுகிறார்கள். ஒரு சுரமும் மாற்றமில்லை. பிறகு குழு ஐந்தாகப் பிரிந்து மீண்டும் அதே வரிகளைப் பாடுகிறது. இப்போது ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வொரு வேகம். ஓர் அணி அடுத்த சுரத்துக்குப் போகும்போது இன்னோர் அணி முந்தைய சுரத்திலேயே நிற்கிறது. வரியின் முடிவுக்கு முதலில் வந்தவர்கள் அந்த ஒத்திசையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். கடைசி அணியும் வந்து சேர்ந்ததும் கலங்கல் தெளிகிறது. அடுத்த வரி.

எழுதிப் படித்தால் விளையாட்டுபோல இருக்கும். அரங்கின் நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். ஐந்து அணிகளும் சுவரோரமாகச் சுற்றி நின்றன. தொடக்கத்துக்குக் கை காட்டிவிட்டு நடத்துநர் கையைக் கீழே விட்டுவிட்டார். பாக்கின் சுத்தமான ஒத்திசைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, எந்தப் புத்தகத்திலும் பெயரில்லாத ஒலிகள் எழுந்தன. ஒருவரும் தப்பான சுரம் பாடவில்லை, ஒருவரும் ஒருவருக்கு ஒத்துப்போகவும் இல்லை. ஒத்துப்போகாமலிருப்பதற்கு இவ்வளவு ஒழுக்கம் வேண்டுமா என்று வியந்தேன். பக்கத்து அணி சுரம் மாற்றும்போது நம் வாயும் மாறத் துடிக்கும். கணக்கு முடியும்வரை நிற்க வேண்டும். ஓட்டுநர் கால் பெருவிரலால் எண்ணிக்கொண்டிருந்தது ஷூவின் முனையில் தெரிந்தது.

இடைவேளையில் கணக்காளர் அம்மாவின் இசைத்தாளை வாங்கிப் பார்த்தேன். சுரங்களுக்கு மேலே பென்சிலில் சின்னச் சின்னக் காற்புள்ளிகள். மூச்சு எடுக்கும் இடங்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த தாளிலும் காற்புள்ளிகள் இருந்தன, வேறு இடங்களில். மூன்றாவதில் இன்னும் வேறு இடங்களில். ஒரு சுரத்தை ஒருவரின் மூச்சைவிட நீளமாகப் பிடிக்க வேண்டுமானால் இதுதான் வழி: பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நீ எடுக்கக் கூடாது, வார்த்தைக்கு நடுவில் விட்டுவிட்டு ஓசையில்லாமல் திரும்பச் சேர வேண்டும். எங்கள் கொயரிலும் செய்வோம்தான், குத்துமதிப்பாக. இவர்கள் பேசி வைத்துக்கொண்டு குறித்திருக்கிறார்கள். அந்தத் தாளின் ஓரத்தில் பால், முட்டை, மின்கட்டணம் என்ற பட்டியலும் இருந்ததாக அவரே படித்துச் சொன்னார்.

மாலையில் ஓட்டுநரோடு ரொட்டி தின்றபடி கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010இலேயே 12 நாடுகளின் 185 பாடகர்களைத் தனித்தனியே வீட்டில் பாடிப் பதிவு செய்யச்சொல்லி, சேர்த்து ஒரு மெய்நிகர்க் குழுவை உருவாக்கியவர். 2020இல் அதே முறையில் 129 நாடுகள், 17,572 பேர். “நானும் என் காருக்குள் உட்கார்ந்து இப்படி ஒன்று பாடி அனுப்பினேன்” என்றார் ஓட்டுநர். “காதில் பியானோ, கைப்பேசியில் நடத்துநரின் கை. நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான் தப்பினாலும் யாரும் தடுமாறியிருக்க மாட்டார்கள்.”

அந்தக் காணொளிகளை நானும் ரசித்திருக்கிறேன். வீட்டில் அடைந்துகிடந்த காலத்தில் பலருக்கு அவை ஆறுதல் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருப்பவர்கள் சேர்ந்து பாடியவர்கள் என்பதைவிடச் சேர்த்துவைக்கப்பட்டவர்கள். தச்சரை இடம் மாற்றி நிறுத்த அங்கே ஆளில்லை. அந்த வேலையை ஒலிப்பதிவுக்காரரின் கணினி செய்துவிடுகிறது.

ஞாயிறு, தார்த்து

ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல். வழியெல்லாம் காடு, வயல், காடு. 2013இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் நடந்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு வேகம் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுபோல் நடக்கிறது என்று அதில் அளந்து காட்டினார்கள். மாயமில்லை, பாட்டின் வரிதான் எல்லாருடைய மூச்சையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது, மூச்சோடு துடிப்பும் போகிறது. நேற்றைய ஐந்து அணிகளுக்கு அந்தக் கருவியை மாட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? காற்புள்ளிகள் வேறு வேறு இடத்தில் இருந்த அந்தத் தாள்களுக்கு?

முதல் பாட்டு விழா 1869இல் இந்த ஊரில்தான் நடந்தது. பத்திரிகையாளர் யான்சென் ஏற்பாடு செய்தார். மேடையில் எல்லாரும் ஆண்கள். அன்று பாடிய எஸ்டோனியப் பாடல்கள் இரண்டுக்கும் சொற்களைத் தந்தவர் அவர் மகள் லிதியா கோய்துலா; பாட்டு அவருடையது, பாட இடம் இல்லை. பெண்களும் சேர்ந்த கலப்புக் குழுக்கள் 1891 விழாவில்தான் மேடையேறின. பாட்டு விழா அருங்காட்சியகம் சிறியது, நன்றாக இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும்.

அந்த முதல் விழாவில் உரையாற்றியவர்களில் ஒருவர் யாக்கோப் ஹுர்ட் என்ற பாதிரியார். 1888இல் அவர் நாட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊரின் பழம்பாடல்களை எழுதி அனுப்புங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி அனுப்ப, ஒரு லட்சத்துக்கும் அதிகமான பக்கங்கள் சேர்ந்தன. அவை இன்று இந்த ஊர் இலக்கிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நூறு ஆண்டுக்குள் இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸ் வந்து, இந்தப் பழைய பாடல்களை மேற்கத்திய நான்கு குரல் சட்டைக்குள் திணிக்காமல், அவற்றின் சுபாவப்படியே நவீனக் குழுக்களுக்கு எழுதினார். தலைவர் ஒரு வரி பாட, குழு அதை வாங்கித் திருப்பிப் பாடும் பழைய முறை அவர் கையில் கச்சேரி மேடைக்கு வந்தது. அந்த முறை இன்னும் ஊருக்குள் உயிரோடு இருக்கிற இடம் தென்கிழக்கு மூலை. நாளை அங்கே.

திங்கள், ஓபினிட்சா

கணக்காளர் அம்மாவின் சகோதரி தார்த்துவில் இருக்கிறார். அவர் காரில் ஒன்றரை மணி நேரம். ரஷ்ய எல்லை பக்கத்தில்தான். செட்டோ மக்களின் நாடு இது. எல்லைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. மரபாக லூத்தரன் சபையைச் சேர்ந்த எஸ்டோனியாவில் இவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். ஊர் ஏரிக்கரையில் பாட்டுத் தாயின் கற்சிலை ஒன்று நிற்கிறது. அன்னே வபர்னா போன்ற எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள் ஆயிரக்கணக்கான வரிகளைக் கட்டிப் பாடிய மரபு, அப்படிப்பட்டவர்களுக்கான சிலை.

படங்களில் செட்டோப் பெண்கள் மார்பு நிறைய வெள்ளியோடு, கூம்பு வடிவப் பெரிய பதக்கத்தோடு நிற்பார்கள். நான் போன வீட்டில் எட்டுப் பெண்கள் கம்பளிச் சட்டையும் ரப்பர் காலணியுமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு நடவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடியாமலே பாட்டு தொடங்கிவிட்டது.

இந்தப் பாட்டுக்கு லேலோ என்று பெயர். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தலைவி ஒரு வரி பாடுகிறார். வரியின் கடைசி அசைகளிலேயே மற்றவர்கள் சேர்ந்துகொண்டு அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். தலைவி அந்த நேரத்தில் அடுத்த வரியைக் கட்டுகிறார். பெரும்பாலான வரி அந்த இடத்திலேயே பிறப்பது. எனவே குழு முழுதாகக் கேட்டுமுடிக்காத வரியின் முடிவை ஊகித்து அதற்குள் நுழைய வேண்டும். எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் எல்லாருக்கும் மேலே, கூர்மையான குரலில் வேறு சுரத்தில் பாடுகிறார், அது கில்லோ. மற்றவர்கள் எல்லாம் கீழே, டொர்ரோ. டொர்ரோவிலும் ஆளுக்கு ஒரு நெளிவு.

கில்லோ எப்போதும் ஒருவர்தான். சகோதரி மொழிபெயர்க்க, ஏன் என்று கேட்டேன். கில்லோ பாடுகிற அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “இரண்டு பேர் பாடினால் அது எப்படிக் கில்லோ ஆகும்?” என்றார். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால்? வேறொருவர் ஏறிப் பாடுவார், பாட்டு வேறாகிவிடும், பரவாயில்லை. பாளையங்கோட்டை ஆசிரியரின் விதியை இவரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பைக் கேட்டு எட்டுப் பேரும் சிரித்தார்கள். தனியாகக் கேட்காத கில்லோ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது அவர்கள் கட்சி. ஆனால் அந்த அம்மா தனியாகக் கில்லோவை மட்டும் பாடிக்காட்ட மறுத்துவிட்டார். கீழே குரல்கள் இல்லாமல் அவருக்குச் சுரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதாம்.

இன்னொன்றையும் கவனித்தேன். பாட்டு போகப் போகச் சுருதி மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. சென்னையில் இதைச் செய்தால் சபா வாசலோடு அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து, யாரும் தூண்டாமல், கூச்சமில்லாமல் ஏறுகிறார்கள். தொண்டை தாங்காத உயரம் வந்ததும் தலைவி அடுத்த வரியைச் சட்டென்று கீழே எடுக்கிறார்; கூட்டம் முழுக்க அவரோடு இறங்கி, மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஏறியது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினார்கள்.

பிறகு வீட்டில் செய்த பாலாடைக்கட்டி வந்தது, சீரகம்போல ஏதோ விதை போட்டது. தலைவி சாப்பிட்டுக்கொண்டே என்மேல் ஒரு பாட்டுக் கட்டினார். வெயில் நாட்டிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்தவன், உருளைக்கிழங்கு நடுகிற நேரத்தில் பாட்டுக் கேட்கிறான், மண்வெட்டி பிடிப்பானா என்பது சாரம். ஒவ்வொரு கேலியையும் ஏழு பேர் உறுதிசெய்து திருப்பிப் பாடினார்கள், மேலே கில்லோவோடு. ஒரு மனிதனைக் கேலி செய்ய இதைவிடச் சிறந்த வடிவம் உலகில் இருக்க முடியாது.

கேலிக்குப் பதிலாக நானும் பாடியாக வேண்டுமாம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தவையெல்லாம் டெனர் வரிகள். ஒரு ஞானப்பாட்டின் டெனர் வரியை முழுதாகப் பாடினேன். முக்கால்வாசி நேரம் ஒரே சுரம், அங்கங்கே ஒரு சின்ன அசைவு, கடைசியில் எதிர்பாராத ஓர் இறக்கம். அமைதியாகக் கேட்டார்கள். முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, முடிந்தது என்றேன்.

கில்லோ அம்மா சகோதரியிடம் ஏதோ கேட்டார். “இதில் பாட்டு எங்கே இருக்கிறது என்கிறார்.”

மெட்டு சோப்ரானோவிடம், இன்னும் இரண்டு வரி ஆல்டோவிடமும் பேஸிடமும், மூவரும் சென்னையில் இருக்கிறார்கள் என்று விளக்கினேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை செட்டோ ராஜ்ஜிய விழா நடக்கும், அந்த மூன்று பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்போது கேட்கிறேன் என்றார். மண்வெட்டியை மறக்க வேண்டாம் என்று தலைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.